வழியில்லாத மலையில் மாவுப் பொட்டு

சென்ற பிப்ரவரியில், என் அறுபத்தெட்டாவது வயதில், ராஜஸ்தானில் சிவானா என்ற ஊர்ப் பக்கம் பாதையே இல்லாத ஒரு பாலைவன மலையில் ஏறி இறங்கினேன். அந்த மாதிரி மலைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி, செலவு, தண்ணீர், எதில் ஏமாறக்கூடாது என்பதெல்லாம் இருக்கிறது. ஏன் போனேன் என்பதும் இருக்கிறது. அது வேண்டாம் என்பவர்கள் ரயில் ஏறும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

சென்னையில் எங்கள் அஸ்தினாபுரம், செம்பாக்கம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறும் குழு ஒன்று உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். தாம்பரத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் இருக்கிற பாறைக் குன்றுகளில் பாதி வழியை அவர்களுக்குக் காட்டியவன் நான். போன வருடம் அவர்கள் வழி தெரிவதற்காகப் பாறையில் நீலப் பெயின்ட்டை அடித்து அம்புக்குறி போட்டார்கள். அது நூறு வருடம் போனாலும் அழியாது, வேண்டாம் என்றேன். “அப்ப எப்படி அங்கிள் எறங்கறது? வழி தெரியணும்ல?” என்று கேட்டார்கள். அரிசி மாவு போதும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்து, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏரிக்கரை நடைக்கு மட்டும் வரலாம் என்று ஒரு விதி வந்தது. குழுவில் அறுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எனக்காகவே ஒரு சட்டம். வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை.

மாவு விஷயம் வேடிக்கை இல்லை. மாக்கோலத்துக்குக் கரைப்பதுபோல் அரிசி மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஒரு பழைய ஷாம்பு பாட்டிலில் ஊற்றிக்கொள்வேன். ஏறும்போது திரும்புகிற இடத்தில் எல்லாம் பாறையில் ஒரு பொட்டு. காய்ந்தால் வெள்ளை வெளேரென்று தூரத்திலிருந்தே தெரியும். இறங்கும்போது பொட்டைப் பார்த்துக்கொண்டே வரலாம். அடுத்த மழையில் சுவடே இருக்காது. பத்து வருடமாக இப்படித்தான் ஏறுகிறேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் நின்று வேலை பார்த்தவன். கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மலையின் சரிவு எவ்வளவு என்று கணக்குப் போட நானே கற்றுக்கொண்டேன்.

ஏரிக்கரை நடைதான் என் தகுதி என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல ஏரிக்கரையைவிடக் கொஞ்சம் பெரிய இடம் தேவைப்பட்டது.

என் மனைவி சண்டை போடுகிறவள் இல்லை. நிபந்தனை போடுகிறவள். “தணிகா கூட வரணும். அன்னிக்குச் சாயந்திரம் நான் விளக்கு வைக்கிறதுக்குள்ள கீழ எறங்கி போன் பண்ணணும். போன் வரலைன்னா இதோட மலை கிலை எல்லாம் முடிஞ்சுது. அந்த ஷூவைத் தூக்கி யாருக்காவது குடுத்துடணும்” என்றாள். எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு விளக்கு வைப்பது வழக்கம். அவள் தாமதித்து நான் பார்த்ததில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் சண்டை போடாமல் வாக்கு வாங்கினாள்.

தணிகா என்கிற தணிகாசலம் அவளுடைய தம்பி. வயது அறுபத்தொன்று. செம்பாக்கத்தில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். இப்போது நிலம் இருந்த இடத்தில் இரண்டு கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். மலை ஏறுவதில் ஆசை கிடையாது. அக்கா சொன்னால் கிணற்றிலும் இறங்குவார்.

ஏன் சிவானா என்றால், கிழக்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த அடகுக்கடைக்காரருக்குச் சொந்த ஊர் அது. அவர் கடைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். தட்டையான மணல், நடுவே சிவந்த பாறை மலைகள் வரிசையாக. அதில் ஒன்று மட்டும் தனியாகக் கோபித்துக்கொண்டு நிற்பதுபோல் தள்ளி நின்றது. “அது மேல ஏறுவாங்களா?” என்று கேட்டேன். “ஆடுகூட யோசிக்கும் சார்” என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவருடைய சித்தப்பா மகன் பாபுலால் ஊரில் ஜீப் ஓட்டுகிறார் என்று எண் கொடுத்தார்.

எழும்பூரிலிருந்து ஜோத்பூர் பக்கம் போகும் ரயிலில் ஏறி, ஜாலோரில் இறங்கிவிட வேண்டும். வழியில் இரண்டு இரவு. மூன்றடுக்கு ஏசியில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்ச் சொச்சம் ஆனது. மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை இப்போது இல்லை, எதிர்பார்க்காதீர்கள். ஏசிப் பெட்டியில் போனது தணிகாவின் பிடிவாதம். எனக்குச் சாதாரணப் படுக்கையே போதும். ஜாலோரிலிருந்து சிவானாவுக்கு ஜீப்பில் ஒரு மணி நேரம்.

ஸ்டேஷன் வாசலில் முண்டாசும் மீசையுமாக நின்ற ஒருவர் எங்களைப் பார்த்ததும், “இன்னா சார், ராதா நகர் ரயில்வே கேட்டு இப்பனா தொறந்து கீதா, இல்ல இன்னும் மூடினேதான் கீதா?” என்று கேட்டார். அவர்தான் பாபுலால். சின்ன வயதில் சென்னைக்குப் போய், குரோம்பேட்டையில் அந்த கேட் பக்கம் சித்தப்பா கடையில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

“அது தொறந்திருந்தா நாங்க ஏன் இவ்ளோ தூரம் வரப் போறோம்?” என்றார் தணிகா. அதோடு இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். வழி முழுக்கப் பிரியாணிக் கடைகளைப் பற்றியே பேசினார்கள். வெளியே சீரக வயல், அதைத் தாண்டி மணல், அதைத் தாண்டி மலை. நான் ஒருவன்தான் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜீப்புக்கு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. சத்திரத்தில் அறைக்கு ஐந்நூறு, சுடுதண்ணீர் உண்டு. பிப்ரவரியில் விடியற்காலை நன்றாகக் குளிரும். பகலில் பாறை சுடும். இரண்டுக்கும் சேர்த்து உடுப்பு வேண்டும்.

முதல் நாள் மாலை மாவைக் கரைத்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாம்பரம் குன்றுகளில் எனக்கு இருந்த ஒரே தொல்லை எறும்பு. காலையில் வைத்த பொட்டை மதியத்துக்குள் பாதி தின்றுவிடும். பாலைவனத்தில் இன்னும் பசியோடு இருக்கும் என்று நினைத்து, எறும்பு அண்டாமல் இருக்க இந்த முறை மாவில் ஒரு கை உப்பைப் போட்டேன். “சாம்பாருக்கா மாமா?” என்றார் தணிகா. நான் பாட்டிலைக் குலுக்கி மூடினேன்.

காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்ததும், பாபுலால் எங்களை மலையடியில் இறக்கிவிட்டார். நான்கு மணிக்குமேல் சாலையோரச் சின்னக் கோயிலடியில் காத்திருப்பதாகச் சொன்னார். மலையில் கைபேசிக்கு அலை கிடையாது, அந்தக் கோயிலடியில்தான் கிடைக்கும். என் கணக்குப்படி நாலரைக்கு இறங்கிவிடுவோம். விளக்கு நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், பாபுலால் வீட்டுக் கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, பத்து மீட்டர் நைலான் கயிறு, மாவு பாட்டில்.

மலையின் மேற்குக் கால் மணலில் புதைந்திருக்கிறது. முதல் அரை மணி நேரம் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். அதைத் தாண்டினால் பாறை. செம்மையும் சாம்பலும் கலந்த, கையை வைத்தால் உப்புத்தாள் போலச் சுரசுரக்கும் பாறை. பிடிப்பு அருமை. ஆனால் நடுநடுவே உதிர்ந்த கல் சரிவுகள் இருக்கின்றன. அங்கே ஒருவர் பின் ஒருவராக நேர்க்கோட்டில் ஏறக்கூடாது. மேலே போகிறவன் தள்ளும் கல் கீழே வருகிறவன் தலையில் விழும். பக்கவாட்டில் விலகி ஏற வேண்டும். கள்ளிப் புதர்கள் ஆள் உயரம் இருக்கும். ஒடிந்தால் வடிகிற பால் கண்ணில் படக்கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பாதி உயரத்தில், மழைத்தண்ணீர் அரித்த ஒரு செங்குத்தான இடுக்கு வழியாக ஏறினோம். கைகால் நான்கும் வேண்டும். அதன் தலைக்கு வந்தபோது பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு இடுக்கு இறங்குவதைப் பார்த்தேன். குழம்பக்கூடிய இடம் என்பதால் மூன்று பொட்டு வைத்தேன். தணிகா, “கல்லு நாலு அடுக்கி வை மாமா, எதுக்கும் இருக்கட்டும்” என்றார். மாவு இருக்கும்போது கல் எதற்கு என்றேன்.

பன்னிரண்டேகால் மணிக்கு உச்சி. அடியிலிருந்து நானூற்றைம்பது மீட்டர் உயரம் என்பது என் கணக்கு. கொடி இல்லை, கோயில் இல்லை, பெயின்ட் இல்லை, பிளாஸ்டிக் பாட்டில் இல்லை. கழுகு எச்சம் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் சீரக வயல்கள் பச்சைக் கட்டங்களாக. மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை மணல், அதில் மேகத்தின் நிழல்கள் மெதுவாக ஊர்ந்தன. தணிகா நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “நம்ம செம்பாக்கம் ஏரி இதுல எத்தினி போடலாம் மாமா” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஒரு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். மேல் பாதியில் ஒவ்வொரு பொட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நீலப் பெயின்ட் கூட்டம் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டரை மணிக்குத் தணிகா நின்றார். “மாமா, அங்க பாரு.”

கீழே சரிவில் ஒரு இருபது ஆடுகள். மேய்கிற ஆடுகள்போல் கலைந்து நிற்கவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக, வளைந்து வளைந்து, நாங்கள் காலையில் ஏறி வந்த அதே வரிசையில் நின்றன. முன்னால் நின்ற கிடா எங்களைப் பார்த்துவிட்டு, கவலைப்படாமல் குனிந்து, என் பொட்டை ஒரு முறை நக்கிச் சுத்தம் செய்தது. பிறகு அடுத்த பொட்டுக்கு ஏறி வந்தது.

“உப்பு” என்றார் தணிகா. வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உப்பு என் யோசனைதான். அதை மறைக்கவில்லை. ஆனால் மேய்ப்பவன் இல்லாமல் ஆடு பாதி மலைக்கு ஏறி வரும் என்று அடகுக்கடைக்காரர் சொல்லவில்லை. அது யோசிக்கும் என்றுதான் சொன்னார். நாங்கள் பக்கத்தில் போனதும் ஆடுகள் கல்லை உருட்டிக்கொண்டு நாலா பக்கமும் சிதறி ஓடின. அவை நின்ற இடங்களை வைத்துக் கொஞ்ச தூரம் வழி பிடித்தோம். மூன்றேகால் மணிக்கு அந்த இரட்டை இடுக்கின் தலைக்கு வந்தபோது மூன்று பொட்டில் ஒன்றுகூட இல்லை. பாறை அலம்பிவிட்டதுபோல் இருந்தது.

“எடது பக்கம் மாமா. ஆடு ரெண்டு அதுலதான் எறங்குச்சு” என்றார் தணிகா.

“ஆடு எதிலயும் எறங்கும். காலையில நாம ஏறின எடுக்கோட வாயில கள்ளிப் புதர் இருந்துச்சு. வலதுல இருக்கு. எடதுல இல்ல.”

“நீ சொன்னா சரி” என்றார். அவர் அப்படிச் சொன்னால் சரி இல்லை என்று அர்த்தம்.

வலதில் இறங்கினோம். முக்கால் மணி நேரம் இறங்கியபின் இடுக்கு திடீரென்று முடிந்தது. அதற்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்துக்கு மொட்டைச் செங்குத்துப் பாறை. அதற்கும் கீழே வளைவு இருந்ததால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மணி நான்கு. கீழே தூரத்தில் பாபுலாலின் ஜீப் தீப்பெட்டி அளவில் வந்து நின்றது தெரிந்தது. திரும்ப மேலே ஏறி இடது இடுக்கில் இறங்கினால் ஆறு மணி தாண்டிவிடும். கயிற்றைக் கட்டி இந்தப் பாறையில் இறங்கினால் ஐந்தரைக்கு ஜீப்.

இதைத் தணிகாவும் கணக்குப் போட்டிருந்தார். கயிற்றைப் பையிலிருந்து அவரே எடுத்தார். “மாமா, நான் மொதல்ல எறங்கிப் பாக்கறேன். அக்காவுக்குப் போன் போவணும்ல. இல்லன்னா நீ ஷூவைக் கழட்டணும்.” அவர் ஏற்கெனவே வலது காலைத் தாங்கித் தாங்கி வைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதில் முழங்கை தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

கயிற்றில் இறங்குவது பெரிய காரியமில்லை. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்குவதுதான் பெரிய காரியம். அதற்குக் கீழே இன்னொரு செங்குத்து இருந்தால் மேலே வரவும் முடியாது, கீழே போகவும் முடியாது. நான் தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிச் சுருட்டிப் பையில் போட்டேன்.

“மேல ஏறு” என்றேன்.

“மணி ஆயிடும் மாமா.”

“ஆவட்டும். ஏறு.”

அந்த இடத்தில் வாக்கு போனது என்றே முடிவு செய்துவிட்டேன். ஏறும்போது யாருக்கு ஷூவைக் கொடுக்கலாம் என்றுகூட யோசித்தேன். என் அளவு எட்டு. நீலப் பெயின்ட் கூட்டத்தில் ஒருவனுக்கும் கொடுப்பதில்லை என்பது மட்டும் உறுதியாக இருந்தது. நான் வழி தவறியதாகத் தணிகா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். இருந்த இரண்டு வழியில் ஒன்றைச் சோதித்து நீக்கினேன் என்பது என் கருத்து.

நாலரை தாண்டி மறுபடி தலைக்கு வந்து, இடதில் இறங்கினோம். கொஞ்சம் கீழே போனதும் ஒரு பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பக்கத்தில், கையை உயர்த்தி வைத்த ஒரு பொட்டு, வெள்ளை வெளேரென்று, முழுசாக இருந்தது. எந்த ஆட்டுக்கும் நாக்கு எட்டாத இடம். அதற்குப் பக்கத்தில் கள்ளிப் புதர். மேலே இருந்து பார்த்தபோது இந்தப் பாறைதான் அதை மறைத்திருந்தது. தணிகா பொட்டைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு கரெக்டா கீது” என்றார். அன்றைக்கு முதல்முறையாக இருவரும் சிரித்தோம்.

மணல் சரிவில் காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு சாலைக்கு வந்தபோது மணி ஆறு இருபத்தைந்து. எங்கள் நிழல் ரொம்ப நீளமாகப் பின்னால் விழுந்தது. தணிகா திரும்பி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். “மாமா! சூரியன் இன்னும் கீது! இங்க பொழுது சாயலையே! அதச் சொல்லு அக்காகிட்ட!”

உண்மைதான். அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் நம் ஊரைவிடக் கால் மணி நேரத்துக்குமேல் பிந்தித்தான் மறைகிறது. இந்த மலைக்கு விளக்கு வைக்கிற நேரம் இன்னும் வரவில்லை என்று வாதாடலாம். வாதாடுவதில் எனக்குப் பயிற்சி உண்டு. வாசகங்கள்கூட மனதில் தயாராகிவிட்டன.

பாபுலால் ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தார். நடந்ததைத் தணிகா சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இன்னா சார் நீங்க! இங்க ஆட்டுக்கு உப்புன்னா உயிரு. நாங்களே காசு குடுத்து வாங்கி வெக்கிறோம். நீங்க மலைக்கே போய் ஊட்டி வுட்டுட்டு வந்துகிறீங்க!”

நான் கோயிலடிக்குப் போய்க் கைபேசியை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“எறங்கிட்டீங்களா?”

“எறங்கிட்டோம். தணிகா நல்லா இருக்கான். முழங்கையில கொஞ்சம் தோல் போச்சு. மணி ஆறரை ஆகப் போவுது, தெரியும். விளக்கு வச்சிருப்ப.”

“இன்னும் வைக்கல.”

“ஏன்?”

“தீப்பெட்டியக் காணோம். தேடினு இருக்கேன். வைங்க போனை.”

தயாராக வைத்திருந்த வாதம் அத்தனையையும் கைபேசியோடு சேர்த்துப் பையில் போட்டேன்.

இனி போகிறவர்களுக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் போங்கள், மார்ச்சில் பாறையில் கை வைக்க முடியாது. நான்கு லிட்டர் தண்ணீரில் எங்களுக்கு அரை லிட்டர்தான் மிஞ்சியது, அதனால் ஐந்து எடுங்கள். போகும் முன் அடிவாரத்து ஊரில் ஒருவரிடமாவது எந்த மலை, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று சொல்லிவிடுங்கள். ஆடு எதுவரை ஏறும் என்றும் கேளுங்கள். ஏறும்போது திரும்பித் திரும்பிப் பாருங்கள், அதுவும் நாலடி தள்ளி நின்று இரண்டு கோணத்தில் பாருங்கள். அடி தெரியாத பள்ளத்தில், எவ்வளவு நேரம் மிச்சமானாலும், கயிறு போடாதீர்கள். மாவுப் பொட்டைக் குனிந்து வைக்காமல், நீட்டிய பாறையின் அடிப்பக்கத்தில் கையை உயர்த்தி வையுங்கள். பெயின்ட் வேண்டாம். இதில் என் கருத்து மாறவில்லை. ஆடுகள் ஒரு மதியத்தில் என் வழியை அழித்துவிட்டன என்றால், அந்த மலை நான் போவதற்கு முன் இருந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். இதை எந்த நீலப் பெயின்ட்காரனும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஊர் திரும்பிய அன்று காலை, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனதும் சாமி அலமாரியைப் பார்த்தேன். தீப்பெட்டி எப்போதும் இருக்கும் இடத்தில், விளக்கை ஒட்டி இருந்தது. ஆட்டுக் கதையைத் தணிகா ரயிலிலிருந்தே போனில் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் என் பையிலிருந்து மீதி அரிசி மாவை எடுத்தாள். சமையலறைக்குக் கொண்டுபோவாள் என்று நினைத்தேன். ஒரு டப்பாவில் கொட்டி மூடி, ஷூ வைக்கும் பலகையில் என் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உப்பு மட்டும் போடாதீங்க” என்றாள்.